நாற்காலிக்கு வந்த அழைப்புகள்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவக் கருவிகளையும் அவற்றின் உதிரிபாகங்களையும் விற்கும் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் 18 ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஏழு மாதங்களுக்கு முன் காணொளிக் கூட்டம் ஒன்றுக்கு அழைத்து, எங்கள் பிரிவையே கலைத்துவிட்டதாகச் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. வேலையில் இருந்தவரை விற்பனைப் பிரதிநிதிகளின் அழைப்பு ஓயாது. சாப்பிடும்போதுகூடக் கைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். செய்தி பரவிய இரண்டாவது வாரத்தில் ஒருவர்கூட அழைக்கவில்லை.

இப்போது அதே கருவிகளைப் பழுதுபார்க்கும் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். எனக்கு வயது 45, பயிற்றுநருக்கு 27. சென்ற வாரம், மின்சாரத்தை நிறுத்தாமலேயே ஒரு மின்சுற்றுப் பலகையின் மின்தடையை அளக்கப் போனேன். “முதல் நாள் பாடம் சார் இது” என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அன்றிரவு தூக்கம் வரவில்லை. அதற்கு முன்பும் சரியாகத் தூங்கியதாகச் சொல்ல முடியாது. மனைவிக்கு எல்லாம் தெரியும். உறவினர்களிடம் மட்டும் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாகச் சொல்லிவருகிறேன். இதற்கிடையில் ஒரு சிறிய நிறுவனம், பழைய சம்பளத்தில் பாதிக்குக் கொள்முதல் வேலைக்குக் கூப்பிடுகிறது. போய்விடுவதா, பயிற்சியை முடிப்பதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் நீளமானது. பழைய நிர்வாகத்தைப் பற்றிய பக்கங்களை நீக்கி, மற்றவர்களுக்கும் பயன்படக்கூடிய பகுதியை மட்டும் உங்கள் அனுமதியோடு வெளியிடுகிறேன். முழுக் கடிதத்தையும் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது: சம்பளம் நின்றதைப் பற்றி ஓரிடத்தில் மட்டும் எழுதியிருக்கிறீர்கள், அழைப்புகள் நின்றதைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். காயம் எங்கே இருக்கிறது என்பதை நீங்களே காட்டிவிட்டீர்கள்.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்றொரு கிராமம். ஊரே நம்பியிருந்த நெசவாலை பொருளாதாரப் பெருமந்தத்தின்போது மூடப்பட்டது. மரீ யகோடா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே சென்று, வேலை போன மனிதர்களின் அன்றாட வாழ்க்கையைக் கூர்ந்து கவனித்து, கண்டதை 1933ல் நூலாக வெளியிட்டார்கள். நேரம் ஏராளமாகக் கிடைத்தவர்கள் நிறையப் படித்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நூலகத்தில் புத்தகம் எடுப்பது இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்களின் நடை தளர்ந்திருந்தது; தெருவைக் கடப்பதற்குள் பலமுறை நின்றார்கள்; பெரும்பாலானோர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டிருந்தார்கள். (பெண்களின் நடை அப்படித் தளரவில்லை. வீட்டு வேலையில் ஆட்குறைப்பு கிடையாதே.)

பின்னாளில் யகோடா இதிலிருந்து ஒரு கருத்தை வளர்த்தெடுத்தார். வேலை என்பது ஊதியத்தோடு வேறு சிலவற்றையும் ஓசையில்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறது: நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்களின் பழக்கம், பலர் சேர்ந்து ஒன்றை முடிக்கும் நிறைவு, ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம், நான்கு பேர் நடுவில் ஓர் இடம். வேலை போகும்போது எல்லாம் ஒன்றாகப் போவதால், எதை இழந்தோம் என்று பிரித்தறிய முடியாமல், நானே இல்லாமல் போய்விட்டேன் என்று மனம் மொத்தமாக எண்ணிக்கொள்கிறது. உங்கள் நிலையை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். பயிற்சி வகுப்புக்குப் போகிறீர்கள். ஆகவே ஒழுங்கு திரும்பிவிட்டது, மனிதர்கள் இருக்கிறார்கள், கைக்கு வேலை இருக்கிறது. திரும்பாதது அந்த ‘இடம்’ மட்டும்தான். புதிய தொழிலில் கடைசியாக வருவதும் அதுதான். அது இன்னும் வராததைத் தோல்வியாகக் கணக்கிட வேண்டாம் என்பதே நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம்.

அந்த அழைப்புகள் உங்கள் நாற்காலிக்கு வந்தவை. கசப்பாக இருந்தாலும் உண்மை இதுதான். ஆனால் அதனால் அவர்கள் எல்லோரும் போலிகள் என்று நீங்கள் எழுதியிருப்பதை ஏற்க மாட்டேன். மாத இலக்கோடு ஓடும் ஒரு விற்பனைப் பிரதிநிதி, கொள்முதல் செய்யும் இடத்தில் இல்லாதவரை அழைக்காமலிருப்பது துரோகமில்லை. பலருக்கு என்ன பேசுவதென்ற தயக்கமும் இருக்கும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, தெரிந்தவர்கள் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலானோருக்குத் தகவல் வந்தது நெருங்கிய நண்பர்களிடமிருந்து அல்ல, எப்போதாவது பார்க்கிறவர்களிடமிருந்துதான் என்று காட்டியது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும்; தூரத்துப் பழக்கம் உள்ளவரோ வேறு வட்டத்தில் புழங்குகிறார். உங்கள் கைபேசியில் அப்படிப்பட்டவர்களின் எண்கள் எத்தனை இருக்கின்றன! இம்முறை நீங்கள் அழையுங்கள். வேலை கேட்க வேண்டாம். பழுதுபார்ப்பு கற்கிறேன் என்று சொல்லிவிட்டு, எந்தக் கருவி அடிக்கடி பழுதுக்கு வருகிறது, எந்த மருத்துவமனை ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறது என்று விசாரியுங்கள். எந்தப் பாகம் எத்தனை மாதத்தில் தேய்கிறது, எது கிடைக்கத் தாமதமாகும் என்பதையெல்லாம் கொள்முதல் ஆணைகளின் வழியாகவே அறிந்தவர் நீங்கள். வகுப்பில் இருக்கும் இளைஞர்களில் எவருக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அந்த இளைஞர் சொன்னதைப் பற்றி. மின்சாரம் பாயும்போது மின்தடையை அளந்தால் அளவு தவறாகக் காட்டும், மீட்டரும் பழுதாகலாம், சில இடங்களில் உயிருக்கே ஆபத்து. எல்லோர் முன்னிலும் சொன்ன விதம் சரியில்லைதான். சொன்ன விஷயம் சரி. 18 ஆண்டுகளாகப் பிறர் வந்து ஐயம் கேட்ட இடத்தில் இருந்துவிட்டு, இப்போது கேட்கும் இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். வயது வெறும் எண் என்பது போன்ற வாசகங்களில் எனக்கு நம்பிக்கையில்லை. 45 வயதில் திருத்தப்படுவது 20 வயதில் திருத்தப்படுவதைவிடக் கூடுதலாகவே வலிக்கும். அடுத்த வகுப்பில் மீட்டரைத் தொடுவதற்கு முன்பே, “தம்பி, நான் செய்கிற வரிசை சரியா, பாருங்கள்” என்று நீங்களே கேட்டுவிடுங்கள். கேட்டு வாங்கும் திருத்தம் அவ்வளவாகச் சுடுவதில்லை.

நான் நீக்கிய பக்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1994ல் வெளியான ஓர் ஆய்வில், வேலை இழந்த பொறியாளர்களில் ஒரு பகுதியினரை, அந்த இழப்பைப் பற்றி மனதில் இருப்பதையெல்லாம் நாளுக்கு 20 நிமிடம், தொடர்ந்து ஐந்து நாள் எழுதச் சொன்னார்கள். அவர்கள் மற்றவர்களைவிட விரைவாக வேலையில் சேர்ந்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் கூடுதலாக விண்ணப்பிக்கவில்லை. பழைய நிறுவனத்தின் மீதான கோபம் எழுத்தில் அடங்கிவிட்டதால் நேர்காணலில் அது வெளிப்படவில்லை என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஆகவே அந்தப் பக்கங்களை இன்னும் விரிவாக, உங்களுக்காகவே எழுதுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம்.

உறவினர்களிடம் ஆடும் நாடகத்தை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு தொலைபேசிப் பேச்சிலும் பொய்யைப் பாதுகாப்பது உங்கள் சக்தியைத் தின்கிறது. “எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள், இப்போது கருவிகளைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்” என்ற ஒரே வாக்கியம் போதும். அதற்கு மேல் விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. தூக்கமின்மையை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். இத்தனை நாள் நீடித்திருக்கிறதென்றால் மருத்துவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே, மனைவியிடமும் சொல்லிவிட்டு.

பாதிச் சம்பள வேலையைப் பொறுத்தவரை, அதை மானப் பிரச்சினையாக்காமல் கணக்காகப் பாருங்கள். மனைவியோடு உட்கார்ந்து, கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்று எழுதிப் பாருங்கள். பயிற்சி முடிந்து முதல் வருமானம் வரும்வரை தாங்கும் என்றால், அந்த வேலையை மறுத்துவிடலாம். உங்கள் கடிதத்தில் அந்த வேலையைப் பற்றி ஒரு ஆர்வமான சொல்கூட இல்லை. தாங்காது என்றால் தயங்காமல் சேருங்கள், ஆனால் மாலையிலோ வார இறுதியிலோ பயிற்சியைத் தொடர வழியிருக்கிறதா என்று அந்த 27 வயதுப் பயிற்றுநரிடமே கேட்டுவிட்டுச் சேருங்கள்.

அன்புடன்.