பகுதி நேரப் பட்டாளம் சண்டைக்கு ஆகுமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி எழுதியிருக்கிறார். மகனுக்கு 27 வயது. பி.காம். முடித்துவிட்டு குடும்பத்தின் பாத்திரக் கடையைப் பார்த்துக்கொள்கிறான். டெரிடோரியல் ஆர்மியில் (சொந்தத் தொழிலை விடாமல் செய்யும் பகுதி நேர ராணுவம்) அதிகாரியாகச் சேர்ந்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம். “வருசத்துல ரெண்டு மாசம் போயிட்டு வர்றது நிசமான பட்டாளமா? சண்டைன்னு வந்தா முழுநேர ஆளுகளுக்குச் சமமா இவுக நிக்க முடியுமா? காரைக்குடியில ஒருத்தர் 4 லட்சத்துக்கு முடிச்சுத் தர்றேங்கிறாரு. அவுக அப்பச்சி (பையனோட அப்பா) அட்வான்ஸ் குடுத்துரலாம்ங்கிறாக. பத்தாப்பு சர்டிபிகேட்டையும் அவரே வாங்கி வச்சிருக்காரு” என்பது கடிதம்.

ஆச்சி, முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன். நிசமான பட்டாளம்தான். 1948-ல் சட்டம் போட்டு, 1949 அக்டோபர் 9 அன்று ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்து தொடங்கி வைத்தது. 1962, 1965, 1971 என்று மூன்று சண்டைகளிலும் இவர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். 2025 மே மாதம் எல்லையில் பதற்றம் வந்தபோது, அதன் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐப் பணிக்கு அழைக்க ராணுவத் தலைமைத் தளபதிக்கு அதிகாரம் கொடுத்து அரசாணை வந்தது. ஆகவே ‘சும்மா பேருக்கு, சட்டை போட்டு போட்டோ எடுத்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கூப்பிட்டால் போக வேண்டும். காஷ்மீருக்கும் அனுப்புவார்கள்.

சமமாக நிற்க முடியுமா என்றால், எங்கே நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. 1780 ஆகஸ்டில், அமெரிக்க விடுதலைப் போரின்போது, தென் கரோலினாவில், கேம்டன் என்ற ஊரில், உழவும் கடையும் பார்த்துக்கொண்டிருந்த ஆட்களைப் பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு நேர் எதிரே நிறுத்தினார்கள். துப்பாக்கி முனையில் மாட்டிய கத்தியை நீட்டிக்கொண்டு வரிசை வருவதைப் பார்த்ததும் பாதிப் பேர் ஒரு குண்டுகூடச் சுடாமல் ஓடினார்கள். ஐந்தே மாதம் கழித்து, அதே மாகாணத்தில் கௌபென்ஸ் என்ற மேய்ச்சல் காட்டில், டேனியல் மார்கன் என்ற தளபதி அதே மாதிரி ஆட்களிடம், ‘இரண்டு தடவை குறி பார்த்துச் சுடுங்கள், பிறகு பின்னால் போய்விடுங்கள்’ என்று மட்டும் கேட்டார். அவர்களும் சுட்டார்கள், போனார்கள். ஓடுகிறான் என்று துரத்தி வந்த பிரிட்டிஷ்காரன் பின்னால் தயாராக நின்ற சம்பளப் பட்டாளத்தின் மேல் போய் மோதினான். ஒரு மணி நேரத்துக்குள் கதை முடிந்தது. ஓடுவதையே உத்தரவாகக் கொடுத்ததுதான் மார்கனின் கெட்டிக்காரத்தனம்.

அவ்வளவு தூரம் எதற்கு, கல்லல் பக்கம் சிறுவயல் உங்களுக்குத் தெரியாதா? 1801-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் அக்னியூ அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட ஆரம்பித்தார். மருது சகோதரர்களின் ஆட்கள் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் இல்லை. ஆனால் காடு அவர்களுடையது. ஒரு மாதம் வெட்டியும் முடியாமல் கம்பெனிப் படை திரும்பியது. அப்புறம் என்ன செய்தார்கள்? சிவகங்கைக்கு வேறொரு வாரிசைப் பட்டம் கட்டி ஊர் ஆதரவை இரண்டாகப் பிளந்தார்கள். பிறகு பல பக்கமிருந்து ஒரே நேரத்தில் நுழைந்தார்கள். அக்டோபர் 1-ல் காளையார்கோவில் விழுந்தது. ஊரை நம்பி நிற்கும் படைக்கு ஊர்தான் பலம், ஊர் பிளந்தால் அதுவே பலவீனம்.

தம்பி சேரப்போவது இந்த இரண்டும் இல்லை. டெரிடோரியல் பட்டாலியனுக்கும் அதே ராணுவச் சட்டம்தான், அதே துப்பாக்கிதான், மேலே இருந்து நடத்துவது முழுநேர அதிகாரிகள். கோயம்புத்தூரிலேயே மதராஸ் ரெஜிமெண்டோடு சேர்ந்த 110-வது பட்டாலியன் இருக்கிறது. முதல் வருடம் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி, வருடாவருடம் இரண்டு மாதம், அப்புறம் சென்னை அதிகாரிகள் பயிற்சிக் கூடத்தில் மூன்று மாதம். முழுநேரக்காரனின் பழக்கம் இதில் வந்துவிடுமா? வராது. இருபத்து மூன்று வருடம் மதராஸ் ரெஜிமெண்டில் இருந்தவன் சொல்கிறேன், பழக்கம் என்பது தினமும் செய்தால்தான் வரும். ஆனால் பாலம், பாதை, கிடங்கு காக்கவும், முன்வரிசை ஆட்களை அந்த வேலையிலிருந்து விடுவிக்கவும் இவர்கள் இல்லாமல் முடியாது.

இனி அந்த 4 லட்சம். காரைக்குடிக்காரர் தோனி படத்தைக் காட்டியிருப்பாரே? தோனிக்கு 2011-ல் டெரிடோரியல் ஆர்மியில் கொடுத்தது கௌரவப் பதவி. தம்பிக்கு அந்த வழி கிடையாது. எழுத்துத் தேர்வு, நேர்காணல், அதற்குப் பிறகு ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. (ராணுவத் தேர்வு வாரியத்தின் சோதனை), மருத்துவப் பரிசோதனை என்று ஏறிப் போக வேண்டும். 2025-ல் அறிவித்த இடங்கள் நாடு முழுக்க 19. விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். இந்த 19-ல் ஒன்றைக் காரைக்குடி டீக்கடையில் உட்கார்ந்து ஒருவர் பிடித்துத் தருவார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இவர்கள் வியாபாரம் எளிமையானது. பத்துப் பையன்களிடம் பணம் வாங்குவார்கள். எதுவும் செய்ய மாட்டார்கள். ஒருவன் தன் திறமையில் தேறிவிட்டால் அவன் பணம் முழுக்க இவர்களுக்கு. மீதி ஒன்பது பேருக்கு ‘செலவு போக’ திருப்பித் தருவார்கள், நாணயஸ்தர் என்ற பெயரும் கிடைக்கும். என் தங்கை மகனிடமும் ஒருவர் இப்படித்தான் 60 ஆயிரம் கழித்துக்கொண்டார். சில பேர் ஊர்க்காவல் படையைக் காட்டி இதுதான் டெரிடோரியல் ஆர்மி என்றும் சொல்வார்கள். அது மாநிலப் போலீசோடு சேர்ந்தது, இது வேறு.

ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகக் கேளுங்கள், நம் பக்கத்துப் பிள்ளைகள் இதில்தான் வழுக்குகிறார்கள். அதிகாரியாக விண்ணப்பிக்கிறவர் சம்பாதிக்கிறவராக இருக்க வேண்டும். சொந்தத் தொழிலும் செல்லும். ஆனால் கடை அப்பச்சி பெயரில், ஜி.எஸ்.டி. அப்பச்சி பெயரில், தம்பிக்குக் கல்லாவிலிருந்து அவ்வப்போது கைச்செலவு என்றால் காகிதத்தில் அவன் சும்மா இருக்கிற பையன். காலை எட்டு மணிக்குக் கதவைத் திறப்பதிலிருந்து இரவு கணக்கு முடிப்பது வரை அவன்தான் என்பது தேவகோட்டைக்கே தெரியும், டில்லிக்குத் தெரியாது. அவனைப் பங்குதாரராகச் சேருங்கள், அல்லது சம்பளம் போட்டு வங்கி வழியாகக் கொடுங்கள். பான் கார்டும் வருமான வரிக் கணக்கும் அவன் பெயரில் இருக்கட்டும். அறிவிப்பு வந்த பிறகு இதைச் செய்ய நேரம் இருக்காது.

இன்னொன்று, இனிஷியல். நமக்கு ஓர் எழுத்துதான் அப்பா பெயர். படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். ஒரு அலுவலகத்தில், சான்றிதழில் ‘எஸ்’, ஆதாரில் முழுப் பெயர் என்பதற்காக ஒரு பையனை மூன்று முறை அலையவிட்டதைக் கூடவே நின்று பார்த்தேன். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டுக்காரன் சேர்ந்துகொண்டிருக்கிற ராணுவத்துக்கு இன்னும் இது புரியவில்லை என்றால் என்ன சொல்ல! எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி மாற்றிவிடுங்கள்.

மாற்றுவதற்கு அந்தப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கையில் வேண்டும். நாளைக் காலையே அப்பச்சியும் கடையாட்கள் இரண்டு பேருமாகப் போய் வாங்கிவரட்டும். அட்வான்ஸ் கொடுத்தால்தான் தருவேன் என்றால், பேச்சை வளர்க்காமல் அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள்.