கடற்கரையில் வெயில், உள்ளே இடி

கேள்வி: நான் கடலிலிருந்து 20 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறேன், தங்கை கரையை ஒட்டியே இருக்கிறாள். கோடையில் மாலை நாலு மணிக்கு இங்கே இடியும் மழையும் வெளுத்து வாங்கும். போன் செய்தால், “இங்கே சொட்டுக்கூட இல்லைக்கா, காற்றுதான் சிலுசிலுவென்று வருகிறது” என்பாள். ஈரத்தைச் சுமந்து வருவது கடற்காற்று என்றால் மழை முதலில் அவளுக்கல்லவா கிடைக்க வேண்டும்?

பதில்: வானிலைப் பார்வையாளராகச் சேர்ந்த புதிதில் எனக்கும் இதே சந்தேகம்தான். ஒரு கோடைப் பிற்பகலில் விடை கிடைத்தது. எங்கள் நிலையம் கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே. இரண்டு மணிவரை நிலத்துக் காற்று. வெப்பமானி 38 டிகிரி காட்டியது. திடீரென்று காற்றுத் திசைகாட்டி தள்ளாடி, ஒரு சுற்றுச் சுற்றி, கடலைப் பார்த்து நின்றது. பத்தே நிமிடத்தில் 34. காற்றின் ஈரத்தை அறிய உதவும் ஈரக்குமிழ் வெப்பமானியோ மேலே ஏறியிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். கடல் பக்கம் துடைத்துவிட்ட நீலம். நிலத்துப் பக்கம், அடி தட்டையான மேகங்கள் கரைக்கு இணையாக வரிசை கட்டியிருந்தன. அதன் கீழே உழவாரன் குருவிகள் வட்டமடித்தன. மேலெழும் காற்று தூக்கிவந்த பூச்சிகள் அவற்றுக்கு விருந்து.

உங்கள் மழை அந்த வரிசையில்தான் பிறக்கிறது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பம், அதே எடை உலர்ந்த மணலை ஏறக்குறைய ஐந்து டிகிரி சூடாக்கிவிடும். அதனால் பகலில் நிலம் கொதிக்கும், கடலின் சூடு அவ்வளவாக ஏறாது. நிலத்தின் மேல் காற்று லேசாகி அழுத்தம் குறைய, கடல்மேல் இருக்கும் குளிர்ந்த, கனத்த காற்று உள்ளே நகர்கிறது. பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் உயரம்கூட இராத மெல்லிய அடுக்கு அது. ஆனால் அதன் முனை, கலப்பைக் கொழு மண்ணைப் புரட்டுவதுபோலச் சூடான காற்றை அடியிலிருந்து நெம்பித் தூக்குகிறது. தூக்கிய காற்றில் ஈரம் இருந்தால் மேகமாகும். நீராவி துளியாக மாறும்போது வெளிவரும் வெப்பம் அதை இன்னும் மேலே தள்ளும். அப்புறம் அது தானாகவே வளரும்.

முனை கடந்துபோன இடத்தில் கீழே குளிர்ந்த காற்று, மேலே சூடான காற்று. எதுவும் மேலே எழும்பாது. உங்கள் தங்கை வீட்டு வானம் தெளிவாக இருப்பது அதனால்தான். காலை பத்து, பதினொன்றுக்கு அவர் வீட்டைத் தாண்டிய முனை, நாலு மணிக்கு உங்களிடம் வந்து சேர்கிறது.

கேள்வி: கடற்காற்று தினமும் வருகிறதே, இடி ஏன் தினமும் இல்லை?

பதில்: முனை வெறும் தீக்குச்சி, விறகு மேலே இருக்க வேண்டும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் சூடான, வறண்ட அடுக்கு மூடிபோல உட்கார்ந்திருந்தால் மேகம் அங்கேயே முட்டி நின்றுவிடும். பொதுவாக வீசும் காற்றும் முக்கியம். நிலத்திலிருந்து கடலை நோக்கி மெதுவாக எதிர்க்காற்று வீசினால் முனை கூர்மையாகும், இடி வலுக்கும். எதிர்க்காற்று பலமாக இருந்தால் கடற்காற்று கரையேறவே முடியாது.

கேள்வி: கரையின் வடிவத்துக்கும் இடிக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நிறையவே உண்டு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலப்பகுதிகளில் இருபுறக் காற்றும் நடுவில் வந்து குவியும். உள்வாங்கிய வளைவுகளில் காற்று விரிந்து பிரிந்துவிடும். அமெரிக்காவின் ஃப்ளோரிடா தீபகற்பத்தில் அட்லாண்டிக் பக்கக் காற்றும் மெக்சிகோ வளைகுடாக் காற்றும் மோதிக்கொள்கின்றன. அந்த நாட்டிலேயே இடி அதிகம் அங்கேதான். 1946-இல் ஆய்வாளர்கள் அங்கே வெவ்வேறு உயரங்களில் விமானங்களை இடிமேகத்துக்குள்ளேயே செலுத்தி அளந்தார்கள். அங்கே இடி அதிகமாக இருப்பதற்கு இருபுறக் கடற்காற்றின் சந்திப்பே காரணம் என்று வானிலை ஆய்வாளர்கள் பையர்ஸும் ரோட்புஷும் 1948-இல் எழுதினார்கள்.

நான் நேரில் பார்க்க ஏங்குவது வேறொன்று. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு வடக்கே டிவி (Tiwi) தீவுகளில் எல்லாப் பக்கமும் கடற்காற்று புகுந்து நடுவில் சேர்கிறது. நவம்பர், டிசம்பரில் பெரும்பாலான பிற்பகல்களில் ஏறக்குறைய ஒரே இடத்தில் ஒரு ராட்சத மேகம் எழும். உச்சி 20 கிலோமீட்டரைக்கூடத் தொடும். இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகள் தூரத்திலிருந்தே அதை அடையாளம் வைத்து வழி கண்டுகொண்டார்கள். அதற்கு ‘ஹெக்டர்’ என்று ஆளைக் கூப்பிடுவதுபோலப் பெயர் வைத்ததும் அவர்கள்தான்.