திரும்பி வருவது வேறு, சொன்ன இடத்துக்குப் போவது வேறு

கேள்வி: ஆறு அச்சு றோபோக் கையில் கொம்பு அன்ரெனாவைப் பொருத்தி, 28 கிகாஹேட்ஸ் அன்ரெனா ஒன்றை அண்மைப்புலத்தில் (அன்ரெனாவுக்குக் கிட்டவே) அளக்கிறோம். றோபோவின் கையேட்டில் 0.05 மில்லிமீற்றர் என்று போட்டிருக்கிறது. ஆனாலும் காலையில் எடுத்த அவத்தை (phase, அலை தன் சுற்றில் எங்கே நிற்கிறது என்பது) மத்தியானம் பொருந்துவதில்லை. கொம்பையும் அன்ரெனாவையும் சரியான இடத்தில் நிறுத்தும் ஒழுங்குபடுத்தலைத் தானியக்கமாக்கினால் சரிவருமா?
– பொறியியல் மாணவர், கிளிநொச்சி

பதில்: பாதி சரிவரும். அந்த 0.05, ஒருமுறை போன இடத்துக்கே மீண்டும் வரும் திறன். கணினி கணித்துக் கொடுக்கும் புதிய ஆள்கூற்றுக்கு அனுப்பினால் ஒரு மில்லிமீற்றர்கூடத் தவறலாம். உங்கள் அலைநீளம் 10.7 மி.மீ. அலை செல்லும் திசையில் 0.1 மி.மீ. விலகினாலே அவத்தை 3.4 பாகை மாறும். அலைநீளத்தின் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.2 மி.மீ., வழக்கமான எல்லை.

லேசர் ட்ராக்கர் (லேசர் கதிரால் ஒரு புள்ளியின் இடத்தை அளக்கும் கருவி) இருந்தால், அளக்கப்படும் அன்ரெனாவின் தாங்கியில், அந்தக் கதிரைத் திருப்பி அனுப்பும் தெறிப்பான் குண்டுகளுக்கு நான்கு முதல் ஆறு இருக்கைகள் ஒட்டுங்கள். ஒன்றாவது மற்றவற்றின் தளத்துக்கு வெளியே இருக்கட்டும். மூன்று மட்டும் வைத்தால், ஒன்று தளத்துக்குச் செங்குத்தாகச் சற்று நகர்ந்தாலும் இடைத்தூரங்கள் மாறாததுபோலவே இருக்கும், வழு ஒளிந்துகொள்ளும். இழிவு வர்க்க முறையில் (வழுக்களின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறையும்படி) ஆள்கூற்றுத் தொகுதியைப் பொருத்தி, மீதி வழு 0.05 மி.மீ.ஐத் தாண்டினால் நிரல் அங்கேயே நிற்கட்டும். பிறகு றோபோவை நகர்த்தி, ட்ராக்கரால் அளந்து, வித்தியாசத்தைத் திருத்தி, மறுபடி அளக்க வேண்டும். 0.05க்குக் கீழே துரத்தாதீர்கள். கை முன்னும் பின்னும் ஆடுமே தவிர நெருங்காது.

பலர் கோட்டைவிடுவது கொம்பில். கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு முறையும் றோபோவின் மணிக்கட்டிலிருந்து கொம்பின் வாய் வரையான தூரத்தையும் சரிவையும் புதிதாக அளக்க வேண்டும். 300 மி.மீ. நீளத் தாங்கியில் 0.05 பாகைச் சரிவு, நுனியில் 0.26 மி.மீ.

மத்தியான வித்தியாசத்துக்கு முதலில் ஏசியைப் பாருங்கள். ஒரு மீற்றர் அலுமினியம் ஒரு பாகை செல்சியசுக்கு 0.023 மி.மீ. நீளும். இரவில் ஏசியை நிறுத்திக் காலையில் போட்டால், வன்னி வெக்கையில் ஒன்பது பாகை இறங்குவது பெரிய காரியமல்ல; 0.2 மி.மீ. அதிலேயே போய்விடும். முதல்நாளே போட்டுவிட்டு, அளக்குமுன் ஒரு மணித்தியாலம் கையை வெறுமனே ஓடவிடுங்கள்.

அரைமணிக்கொருதரம் ஒரே குறிப்புப் புள்ளிக்குத் திரும்பி, ட்ராக்கரையும் அவத்தையையும் சேர்த்துப் பதியுங்கள். இடம் மாறாமல் அவத்தை மட்டும் நகர்ந்திருந்தால் ஒழுங்குபடுத்தலில் கை வைக்க வேண்டாம். வளையும் கேபிளோ, சூடேறும் அளவீட்டுக் கருவியோதான் காரணம்.

கேள்வி: ட்ராக்கர் வாங்க வசதியில்லை. வேறு வழி?
– வாசகர், வவுனியா

பதில்: கோள அளவீடு, அதாவது அன்ரெனாவைச் சுற்றி θ, φ என்ற இரண்டு சுழற்சிக் கோணங்களில் அளப்பது என்றால் உண்டு. ஒரே திசையை இரண்டு விதமாக அளவிடுங்கள்: முதலில் நேராக, அடுத்து θவை எதிர்க்குறியாக்கி, φஐ 180 பாகை திருப்பி. அச்சுகள் ஒரே புள்ளியில் வெட்டி, θவின் பூச்சியமும் சரியாக இருந்தால் இரண்டு வளையிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும். பக்கவாட்டாக விலகினால் பூச்சியத்தைத் திருத்துங்கள், அவத்தை பிரிந்தால் அச்சுகளை.