150 கிராம் அரிசியும் 150 கிராம் சாதமும்

கேள்வி: வயது 36, உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ. ஒரு நாளைக்கு 1,200 கலோரி என்று செல்போன் ஆப்பில் குறித்து வருகிறேன். எனக்கு மட்டும் அரிசி 150 கிராம் நிறுத்துப் போட்டு, ‘சாதம் 150 கிராம்’ என்று பதிகிறேன். பொரியல், குழம்பு கப் கணக்கு. சனிக்கிழமை விரதத்துக்கு ஜவ்வரிசி உப்புமா. எப்போதாவது தட்டுவடை செட். முட்டை உண்டு, கறி கிடையாது. ஐந்து வாரமாக எடை அசையவில்லை, முடியும் கொட்டுகிறது. ஏன்?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. 150 கிராம் அரிசி என்றால் சுமார் 525 கலோரி. அது வெந்தால் 400 கிராமுக்கு மேல் சாதமாகும். நீங்கள் பதிந்த 150 கிராம் சாதத்துக்கு ஆப் போட்டது 195தான். அங்கேயே 330 கலோரி விட்டுப்போகிறது.

அடுத்தது எண்ணெய். ஒரு மேஜைக்கரண்டி 120 கலோரிக்குக் குறையாது. தாளிப்பு கப் கணக்கில் தெரியாது. வீட்டில் நான்கு பேர், மாதம் 4 லிட்டர் செலவானால் ஆளுக்கு தினம் 30 மி.லி.க்கு மேல், அதாவது 250 கலோரி. எண்ணெய் பாட்டிலைக் காலையிலும் இரவிலும் தராசில் வையுங்கள்; குறைந்த எடையை ஆள் கணக்கில் பங்கிட்டுப் பதியுங்கள்.

தட்டுவடை செட்டில் பீட்ரூட், கேரட் துருவலைப் பற்றிக் கவலை வேண்டாம். பொரிந்த தட்டுவடைதான் விஷயம். 10 கிராமுக்கு 50 கலோரி போடுங்கள்.

உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் வீட்டு வேலையோடு நாளுக்கு 1,900 கலோரி அளவில் செலவாகும். 1,200 வரை இறங்கவே வேண்டாம். 1,500 ஒழுங்காகக் கணக்கிட்டால் போதும், வாரம் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும்.

இனி புரதம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கலோரியைக் குறைத்துப் புரதத்தையும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும், முடியும் உதிரும். தினம் 65 கிராம் தேவை. இரண்டு முட்டையில் 12, வேகாத எடையில் 40 கிராம் துவரம்பருப்பில் 9, ஊறவைக்கும் முன் 50 கிராம் இருந்த கொண்டைக்கடலைச் சுண்டலில் 10, 30 கிராம் சோயா உருண்டையில் 15, 300 கிராம் தயிரில் 9. மீதி அரிசி, காய்களில் வந்துவிடும். ஜவ்வரிசி நம்மூர்ச் சரக்குதான், ஆனால் மரவள்ளி மாவுச்சத்து மட்டுமே: 100 கிராமில் 350 கலோரி, புரதம் ஒரு கிராம்கூட இல்லை. விரத நாளில் தயிரும் வறுத்த வேர்க்கடலை 25 கிராமும் சேர்த்து, ஜவ்வரிசியைப் பாதியாக்குங்கள்.

சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரிடம் கேளுங்கள். முடி கொட்டுவதற்கு ஹீமோகுளோபின், தைராய்டு சோதனையும் செய்துகொள்ளுங்கள்.

எடையைக் காலையில், கழிவறை போய் வந்தபின், வெறும் வயிற்றில் பாருங்கள். ஊறுகாய், அப்பளம் சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ ஏறினால் அது தண்ணீர். மாதவிலக்குக்கு முன்னும் அப்படித்தான். ஏழு நாள் சராசரியை எழுதி, நான்கு வாரம் கழித்து ஒப்பிடுங்கள்; அப்போதும் அசையவில்லையென்றால் 100 கலோரி மட்டும் குறையுங்கள்.