கிராமப்புற கிளினிக்கில் கணினியே நோயைக் கண்டுபிடித்துவிட்டால் டாக்டர் தேவைப்படமாட்டாரா?

கட்டாயம் தேவைப்படுவார். வளரும் நாடுகளின் கிராமங்களை வைத்தே சொல்கிறேன். அங்கே கணினி செய்வது பெரும்பாலும் சலித்தெடுக்கிற வேலைதான்: யாரை அடுத்த பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், யார் வீட்டுக்குப் போகலாம் என்று பிரித்துக் கொடுப்பது. அதற்கு மேல் எதிர்பார்த்தால் நோயாளிதான் கஷ்டப்படுவார்.

காசநோயை எடுத்துக்கொள்வோம். 15 வயது நிரம்பியவர்களுக்குக் காசநோய் இருக்கிறதா என்று சலித்துப் பார்க்க, மார்பு எக்ஸ்ரேயை மனிதருக்குப் பதில் மென்பொருளே படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. எக்ஸ்ரே படிக்கத் தெரிந்தவரே இல்லாத இடங்களுக்கு இது பெரிய உதவி, சந்தேகமில்லை. ஆனால் மென்பொருள் தருவது, காசநோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் ஒரு மதிப்பெண் மட்டும்தான். எத்தனைக்கு மேல் போனால் சளிப் பரிசோதனை என்பதை அந்தந்த இடத்தில் மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அளவைக் குறைத்து வைத்தால் நோயாளிகள் கண்டுபிடிக்கப்படாமல் விடுபடுவது குறையும். ஆனால் நோயே இல்லாத பலருக்கும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டி வரும், அதற்குப் பணம் வேண்டும். கூட்டி வைத்தால் உண்மையான நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார். முன்பே காசநோய் வந்து குணமானவரின் நுரையீரலில் இருக்கும் பழைய தழும்பும் மதிப்பெண்ணை ஏற்றிவிடும்.

அப்புறம், படம் எடுக்கும் இடம். நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் கூகுளின் மென்பொருளைத் தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஆய்வு 2020இல் வெளியானது. செவிலியர்கள் எடுத்த படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தரம் போதாது என்று மென்பொருள் தள்ளிவிட்டது. தெளிவான படத்துக்கு அறை இருட்டாக இருக்க வேண்டும், ஆனால் பல இடங்களில் இருட்டாக்க வசதியான தனி அறை இல்லை. படம் தள்ளப்பட்டால் இன்னொரு நாள் கண் டாக்டரிடம் போக வேண்டும் என்பது விதி. கண்ணில் ஒன்றும் இல்லை என்று செவிலியருக்குத் தோன்றினாலும் அதே விதிதான். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம். இணையம் மெதுவாக இருந்த இடங்களில் வரிசையும் நகரவில்லை.

என்னைக் கேட்டால், இவற்றைவிட நம்பிக்கை தருவது டேப்லெட்டில் ஓடும் எளிய வழிகாட்டிதான். குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணச் சொல்லும். 2 முதல் 11 மாதக் குழந்தைக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்ற எல்லையைத் தொட்டால் வேகமான மூச்சு என்று எடுத்துச் சொல்லும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியும் சிறு ரத்தப் பரிசோதனையும் கூடவே இருக்கும். தான்சானியாவில் இப்படிப்பட்ட வழிகாட்டி இருந்த கிளினிக்குகளில் சுமார் 23 விழுக்காடு குழந்தைகளுக்கே ஆன்டிபயாட்டிக் எழுதப்பட்டது. வழக்கமான கிளினிக்குகளில் அது 70 விழுக்காடு. குழந்தைகளின் பாதுகாப்பும் இதனால் குறையவில்லை. இங்கே முடிவெடுத்தது குழந்தையைத் தொட்டுப் பார்த்த சுகாதாரப் பணியாளர்தான்.

ஏதாவது ஒரு கிளினிக்குக்கு மென்பொருள் வாங்கும் யோசனையில் இருந்தால், துல்லியம் எத்தனை விழுக்காடு என்று கேட்பதற்கு முன்னால், நோய் இருக்கலாம் என்று திரையில் வந்ததும் அந்த நோயாளி எங்கே போவார், அங்கே மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள்.