கொள்ளைநோய்க்குப் பிறகு ஏழைகளின் கூலி உயர்ந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

இங்கிலாந்தைப் பொறுத்தவரை உண்மைதான், ஆனால் சும்மா கிடைக்கவில்லை. 1348-இல் அங்கே நுழைந்த பிளேக், இரண்டே வருடங்களில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிக்கொண்டு போனது. நிலம் அப்படியே கிடந்தது, அறுக்கத்தான் ஆளில்லை. மிச்சமிருந்தவர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள். தராவிட்டால் பக்கத்து ஊருக்குக் கிளம்பினார்கள்.

பண்ணையார்கள் சும்மா இருப்பார்களா? 1349-இல் அரசாணை, 1351-இல் சட்டம்: நோய்க்கு முந்தைய கூலிதான். புல் அறுப்பவருக்கு நாளுக்கு 5 பென்னி, உலர்த்துபவருக்கு 1 பென்னி. மீறுபவர்களுக்காக ஊர்தோறும் தொழுமரம் (கால்களை மாட்டிவைத்துத் தண்டிக்கும் மரச்சட்டம்) வைக்கச் சொன்னார்கள். 1363-இல் உழவர்கள் என்ன துணி உடுத்தலாம் என்றுகூடச் சட்டம் வந்தது; அந்த அளவுக்கு வயிற்றெரிச்சல்!

ஆள் தேவைப்பட்ட பண்ணையார்களே ரகசியமாகக் கூடுதலாகக் கொடுத்ததால் கூலி மெல்ல ஏறியது. அப்புறம் 1381-இல் தலைவரியை, அதாவது ஆளுக்கு இவ்வளவு என்று போட்ட வரியை, வசூலிக்க வந்தபோது, அடக்கிவைத்த கோபமெல்லாம் விவசாயிகள் கிளர்ச்சியாக வெடித்தது.

எல்லா நாட்டிலும் இப்படி நடக்கவில்லை. எகிப்தில் வாய்க்கால்களைத் தூர்வார ஆளில்லாமல் பாசனமே சீர்குலைந்தது. அங்கே பிழைத்தவர்களுக்கும் நல்ல காலம் வரவில்லை.