பாஸ்பேட்டைக் கழற்றும் சிடிசி25 எப்படிச் செல் பிரிதலைத் தொடங்கிவைக்கிறது?

"பாஸ்பேட் ஏறினால்தானே புரதம் வேலை செய்யும்? அதைக் கழற்றும் சிடிசி25 எப்படிச் செல் பிரிதலைத் தூண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் முதுகலை மாணவர்களுக்கு இந்தப் பாடம் எடுக்கிறேன். வருஷா வருஷம் வகுப்பு முட்டி நிற்பதும் இதே இடத்தில்தான்.

பாஸ்பேட் ஏறியதா என்பதைவிட, எங்கே ஏறியது என்பதுதான் முக்கியம். செல் பிரிதலை ஓட்டும் சிடிகே1 புரதத்தில் த்ரியோனின் 161-இல் (161-ஆவது இடத்திலுள்ள த்ரியோனின் என்ற அமினோ அமிலத்தில்) ஏறினால்தான் அதற்கு முழு வேகம் வரும். டைரோசின் 15-இல் ஏறினாலோ முடங்கிவிடும். அங்கே பாஸ்பேட் ஏற்றுவது வீ1 கைனேஸ் என்ற நொதி, இறக்குவது சிடிசி25 என்ற நொதி. பக்கத்திலுள்ள த்ரியோனின் 14-இலிருந்தும் சிடிசி25 பாஸ்பேட்டை இறக்கும்.

எங்கள் பக்கத்துப் பங்காளி வீட்டுக் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தல் போட்டாயிற்று, சமையல்காரர் வந்தாயிற்று, பாத்திரம் இருக்கும் அறை மட்டும் பூட்டிக் கிடக்கிறது. சாவி வைத்திருக்கும் பெரியப்பா சென்னையிலிருந்து வந்து இறங்கினால்தான் அடுப்பு எரியும். துணைப்புரதமான சைக்ளின் பி சேர்ந்து எல்லாம் தயாராக இருந்தும், சிடிசி25 என்ற பெரியப்பாவுக்காகச் சிடிகே1 காத்திருப்பது அப்படித்தான்.

1986-இல் பால் ரஸ்ஸலும் பால் நர்ஸும் பிளவு ஈஸ்டில் (நடுவில் பிளந்து பெருகும் ஒருசெல் பூஞ்சை) சிடிசி25-ஐக் கூடுதலாக உற்பத்தியாக வைத்தபோது, செல்கள் முழு அளவு வளருமுன்பே பிரிந்தன. அந்த மரபணு வெப்பத்தில் செயலிழக்கும் வகையை 36 டிகிரியில் வைத்தால் நேர்மாறு: செல் பிரியாமல் வளர்ந்துகொண்டே போகும். நுண்ணோக்கியில் நீள நீளக் குச்சிகளாகத் தெரியும். பாடப்புத்தகத்து அம்புக்குறிப் படத்தைவிட இந்த இரண்டு காட்சிகளே போதும் என்பேன்.

அப்புறம், விழித்த சிடிகே1 திரும்பிவந்து சிடிசி25-ஐ மேலும் முடுக்கிவிடும். அதனால்தான் செல் மைட்டாசிஸில் (உட்கரு பிரியும் கட்டத்தில்) தயங்கித் தயங்கி நுழையாமல் சட்டென்று நுழைகிறது. டிஎன்ஏ சிதைந்திருந்தால் கதை வேறு. செக்1, செக்2 கைனேஸ்கள் சிடிசி25-இன் மேலேயே பாஸ்பேட் ஏற்றி அதைத் தடுத்துவிடும். நம் உடலில் உள்ள சிடிசி25-இன் ஏ, பி, சி என்ற மூன்று வகைகளில், ஏ வகை அதன்பின் சிதைக்கப்படும். சி வகையை 14-3-3 புரதம் பிடித்து உட்கருவுக்கு வெளியே நிறுத்திவிடும். பல புற்றுநோய்களில் ஏ, பி இரண்டும் அளவுக்கு மீறிக் காணப்படுகின்றன.

புத்தகங்கள் சி வகையைத்தான் கதாநாயகனாக வரைகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. பி, சி இரண்டும் இல்லாத எலி பிழைத்து வளர்கிறது, பி இல்லாத பெண் எலிக்குக் குட்டி பிறக்காது, அவ்வளவே. ஏ இல்லாவிட்டால் கரு வயிற்றிலேயே அழிந்துவிடும்.